சாலையில் எண்ணுவதா, சத்திரத்தில் எண்ணுவதா?

“என்ன தம்பி, ஆகாசத்துல என்னத்தக் கணக்குப் பாக்குறீக?”

கீழக்குயில்குடிச் சமணர் மலையில், பேச்சிப்பள்ளத்துக்கு மேலே பாறையில் பைனாகுலரும் நோட்டுமாக உட்கார்ந்திருந்தபோது ஆடு பத்திக்கொண்டு வந்த ஒரு பெரியவர் கேட்டார். பிராந்து எண்ணுகிறேன் என்றேன். எங்கள் பக்கம் பருந்தைப் பிராந்து என்றுதான் சொல்வோம். “பிராந்த எண்ணி என்ன செய்ய? கோழிக்குஞ்ச எண்ணுனாலும் ஒரு புண்ணியம் உண்டு” என்று சிரித்துவிட்டு, ஆடுகளோடு கீழே இறங்கிவிட்டார்.

அவர் கேலியில் நியாயம் இருந்தது. ஐப்பசி பிறந்திருந்த சமயம். காலை எட்டு மணியிலிருந்து பதினொரு மணிவரை நான் நோட்டில் குறித்தவை அத்தனையும் கள்ளப்பருந்துகள். அவையும் வலசை போகிறவை அல்ல. அவனியாபுரம் பக்கத்துக் குப்பைக் கிடங்குக்குத் தினமும் போய்வருகிற உள்ளூர்க்காரர்கள். ஒரே பருந்தை நான்கு முறை எண்ணியிருப்பேன் என்ற சந்தேகம் வேறு. ஏன் இப்படி ஆனது என்று யோசித்ததில் கிடைத்த விடைதான் இந்தக் கட்டுரை. சுருக்கமாகச் சொன்னால், வலசைப் பறவைகள் கடந்து போகிற பாதையில், நெடுஞ்சாலையில் நிற்பது மாதிரி நின்று எண்ணும் வெளிநாட்டு முறையை, அவை வந்து தங்குகிற சத்திரத்து ஊரில் நான் செய்து பார்த்திருக்கிறேன்.

அந்த முறை பிறந்த இடம் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் இருக்கும் ஹாக் மவுன்டன். கிட்டாட்டினி என்ற நீண்ட மலைத்தொடரில் அது ஒரு பாறை முகடு. 1930களின் தொடக்கம்வரை இலையுதிர்காலத்தில் துப்பாக்கிக்காரர்கள் அங்கே வரிசையாக நின்று, கடந்து போகிற இரைகொல்லிப் பறவைகளைப் பொழுதுபோக்காகச் சுட்டுத் தள்ளினார்கள். கோழி பிடிக்கிற பறவை, செத்தால் நல்லது என்பதுதான் அன்றைய பொதுப்புத்தி. 1934இல் ரோசலி எட்ஜ் என்ற பெண்மணி அந்த மலையைக் குத்தகைக்கு எடுத்துச் சுடுவதை நிறுத்தினார். காவலுக்கு வந்த மாரிஸ் புரூன் அன்றே எண்ணவும் தொடங்கினார். இரண்டாம் உலகப்போர்க் காலத்து இடைவெளியைத் தவிர்த்தால், அந்த எண்ணிக்கை இன்றுவரை தொடர்கிறது.

ஒரு முகட்டில் ஏன் இத்தனை பறவைகள் குவிகின்றன? கழுகு, பருந்து போன்ற அகன்ற இறக்கைக்காரர்கள் சிறகடித்தே ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் போவதில்லை. கட்டுப்படியாகாது. வெயில் ஏறி நிலம் சுட்டதும் அங்கிருந்து சூடான காற்று தூண் மாதிரி மேலே எழும்பும். அதற்குள் புகுந்து வட்டமடித்துக்கொண்டே உயரம் ஏறி, உச்சியிலிருந்து சறுக்கி அடுத்த தூணைப் பிடிக்கும். மலைச்சரிவில் மோதி மேலே திரும்பும் காற்றும் இதற்கு உதவும். கடலுக்கு மேல் இந்தத் தூண்கள் பெரும்பாலும் கிடையாது. அதனால் இவை கடலைத் தவிர்த்து, நிலம் எங்கே குறுகுகிறதோ அங்கே நெருக்கியடித்துக்கொண்டு போகும். மெக்சிகோவின் வெராக்ரூஸில் மலைக்கும் கடலுக்கும் நடுவே உள்ள ஒடுக்கமான சமவெளியில் ஒரே பருவத்தில் 40 லட்சத்துக்கும் மேல் எண்ணுகிறார்கள். ஜார்ஜியா நாட்டில் கருங்கடல் ஓரத்து பட்டூமியில் 10 லட்சத்துக்கும் மேல். அங்கே எண்ணுகிறவருக்குக் கழுத்து வலி, எனக்கு வெயில் மட்டும்தான்.

எண்ணும் விதமும் அந்த இடத்துக்கு ஏற்றதுதான். இரண்டு குன்றுகளுக்கு நடுவே மனத்தில் ஒரு கோடு போட்டுக்கொள்வார்கள். கோட்டைத் தாண்டுகிற பறவைதான் கணக்கில் சேரும். கூட்டமாகச் சுற்றிக்கொண்டிருக்கும்போது எண்ண முயன்றால் தலைதான் சுற்றும். உச்சி ஏறி ஒன்றன்பின் ஒன்றாகச் சறுக்கத் தொடங்கும்வரை காத்திருக்க வேண்டும். கோயிலில் சிறப்பு தரிசன வரிசை கம்பிக்குள் வந்த பிறகு தலை எண்ணுவது மாதிரி. மணிக்கொரு தடவை காற்றின் திசை, மேகம், வெயில் எல்லாவற்றையும் எழுதுவார்கள். பறவை குறைந்ததா, அன்றைக்குக் காற்று சரியில்லையா என்று பின்னால் பிரித்துப் பார்க்க அது வேண்டும்.

இப்போது வரைபடத்தில் மதுரையைப் பாருங்கள். மத்திய ஆசியாவின் புல்வெளிகளிலிருந்தும் சைபீரியாவிலிருந்தும் கிளம்புகிறவை இமயத்தைத் தாண்டியோ சுற்றியோ வரவேண்டும். அங்கே உண்மையாகவே ஒரு சாலை இருக்கிறது. நேபாளத்தில் பொக்காரா அருகே தூலாகர்க்கா என்ற இடத்தில் உட்கார்ந்தால், ஸ்டெப்பி கழுகுகள் இமயத்தின் ஓரமாகவே கிழக்கிலிருந்து மேற்கே போவதை வரிசையாக எண்ணலாம். ஆனால் சமவெளிக்கு இறங்கிய பிறகு தீபகற்பத்தின் அகலம் முழுக்கத் திறந்து கிடக்கிறது. ஒன்று ராஜஸ்தானில் தங்கிவிடும், ஒன்று தக்காணத்தில் இறங்கும். மிச்சம்தான் நம் பக்கம் வரும். மதுரைக்கு வந்து சேர்வது வழிப்போக்கர் கூட்டம் அல்ல, தங்க வருகிறவர்கள். நமக்குத் தெற்கே கன்னியாகுமரியோடு நிலம் முடிந்துவிடுகிறது. அப்படி வருகிறவற்றில் ஒரு வகையான பூனைப்பருந்துகள் சில பாக் நீரிணையைத் தாண்டி மன்னார்வரை போகும். அவை சிறகடித்தும் பறக்கிறவை, கடலுக்கு அவ்வளவாகப் பயப்படுவதில்லை.

ரயில் நிலையத்துக்கு எதிரே மங்கம்மாள் சத்திரம் இருக்கிற ஊர்க்காரனுக்கு இது முன்பே உறைத்திருக்க வேண்டும். ஊருக்கு எத்தனை யாத்திரிகர் வந்தார்கள் என்று தெரிய நாலு ரோட்டிலும் ஆள் நிறுத்த வேண்டியதில்லை. ராத்திரி சத்திரத்துத் திண்ணையில் எத்தனை தலை என்று எண்ணினால் போதும்.

அந்தச் சத்திரத்தை முதலில் காட்டியது பறவை நூல் எதுவும் அல்ல, கரிசல் காட்டில் சம்சாரி ஒருவர் போகிற போக்கில் சொன்ன வார்த்தை. “ஒரு மாதிரி வெளுத்த பிராந்து, தரையோட தரையாப் பறக்கும். பருத்தி ஊன்றப்ப வரும், அறுவடை முடிஞ்சு காடு காயுறப்ப போயிரும்.” மானாவாரி விதைப்பு புரட்டாசி, ஐப்பசியில். காடு வெறிச்சோடுவது மாசி, பங்குனியில். பூனைப்பருந்துகளின் வரவும் போக்கும் அதே கணக்குத்தான். இலையுதிர்காலம் என்று நமக்கு ஒன்று கிடையாது. ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர்காலம், வடகிழக்குப் பருவமழைக் காலம். மழை பெய்து, புல் முளைத்து, வெட்டுக்கிளி பெருகுகிற அந்த வேளைக்கு இவை வந்து சேர்கின்றன.

பூனைப்பருந்தை ஒருமுறை பார்த்தால் பிறகு மறக்காது. இறக்கைகளை மேல்நோக்கிச் சற்றே தூக்கிப் பிடித்தபடி, பயிருக்கு மேல் ஆளுயரத்தில் ஆடி அசைந்து மிதந்து வரும். முகம் ஆந்தை முகம் போல வட்டத்தட்டாக இருக்கும். புல்லுக்குள் எலியோ வெட்டுக்கிளியோ அசைகிற சத்தத்தைக் கேட்டே பிடிப்பதற்கு அந்த அமைப்பு உதவுகிறது. மொண்டாகு பூனைப்பருந்து, வெளிறிய பூனைப்பருந்து இரண்டிலும் வளர்ந்த ஆண் சாம்பல் நிறம், இறக்கை நுனி கருப்பு. பெண்ணும் இளசும் பழுப்பு, வாலடியில் வெள்ளை. சேற்றுப் பூனைப்பருந்து கொஞ்சம் பெரியது. வண்டியூர், சாமநத்தம் போன்ற கண்மாய்களின் கோரைக்கு மேல் அது வந்தால் நாமக்கோழிகள் எல்லாம் தடதடவென்று தண்ணீரில் ஓடும். அந்தச் சத்தமே போதும், அண்ணாந்து பார்க்க வேண்டாம்.

பகலில் மைல் கணக்கில் சிதறி வேட்டையாடுகிற இவை அந்தி சாய்ந்ததும் ஒரே இடத்தில் கூடித் தரையிலேயே படுத்து உறங்குகின்றன. மரத்தில் அல்ல, முழங்கால் உயரப் புல்லுக்குள். குஜராத்தின் வேளாவதர் தேசியப் பூங்கா இப்படிப்பட்ட பெரிய தங்குமிடம் என்று உலக அளவில் பெயர் பெற்றது. நம் கரிசலில் அவ்வளவு பெரிதாக இல்லாவிட்டாலும், சிறு சிறு சத்திரங்கள் உண்டு. நான் பார்த்தது திருமங்கலத்துக்குத் தெற்கே. ஊர்ப் பெயரை எழுத மாட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். தரையில் தூங்குகிற பறவையின் படுக்கை எங்கே இருக்கிறது என்று கேமராக்காரர்களுக்குத் தெரிந்துவிட்டால் மறுவாரமே ஜீப்பும் டிரோனும் வந்துவிடும்.

எண்ணுவது இப்படி: பொழுது சாய ஒரு மணி நேரம் இருக்கும்போதே போய், படுக்கையிலிருந்து நல்ல தூரம் தள்ளி, மேற்கு வெளிச்சம் பறவைக்குப் பின்னால் விழுகிற மாதிரி உட்கார வேண்டும். ஒருவர் போதாது. இரண்டு பேர் இரண்டு திசையைப் பிரித்துக்கொள்ள வேண்டும். முதலில் வருகிறவை நேராகப் படுக்கைக்குப் போகாது. பக்கத்து உழவுக் காட்டில் மண்கட்டி மேல் உட்கார்ந்து நோட்டம் பார்க்கும். அவற்றை அப்போதே எண்ணிவிட்டால் மறுபடி எழுந்து வரும்போது இரட்டைக் கணக்காகிவிடும். புல்லுக்குள் இறங்கி மறைவதை மட்டும்தான் எண்ண வேண்டும். மறைந்தது மறுபடி கிளம்பினால் கழிக்க வேண்டும். கடைசிப் பத்து நிமிடத்தில், கண் தெரியாத இருட்டில், மொத்தமாக வந்து விழும். அங்கேதான் கணக்கு தப்பும். அதனால் ஒருநாள் எண்ணிக்கையை நம்பாமல் அடுத்தடுத்து மூன்று மாலை எண்ணி அதிகபட்சத்தை எடுத்துக்கொள்வது என் வழக்கம்.

வெறும் மொத்தத்தோடு நிறுத்தாமல் சாம்பல் எத்தனை, பழுப்பு எத்தனை என்று பிரித்து எழுதுவது நல்லது. அலுப்பாக இருக்கும். ஆனால் ஹாக் மவுன்டன் கணக்கு உலகத்துக்கே பயன்பட்டது அந்த மாதிரிப் பிரிப்பால்தான். வெண்தலைக் கழுகுகள் அங்கே கடந்து போகும்போது புரூன் வளர்ந்தது, இளசு என்று தனித்தனியே குறித்திருந்தார். 1935 முதல் 1939 வரை கடந்துபோன அந்தக் கழுகுகளில் 40 சதவீதம் இளசுகள். 1955 முதல் 1959 வரை 20 சதவீதம்தான். 1957இல் 32 பெரியவற்றுக்கு ஒரு இளசு என்ற அளவுக்கு விழுந்தது. மொத்த எண்ணிக்கையை மட்டும் பார்த்திருந்தால் கழுகுகள் இருக்கின்றனவே என்று திருப்திப்பட்டிருப்பார்கள். கிழடுகள் மட்டும் பறந்துகொண்டிருக்கின்றன, பிள்ளைகள் பிறக்கவில்லை என்பதை அந்தப் பிரிப்புதான் காட்டிக்கொடுத்தது. டி.டி.டி. பூச்சிக்கொல்லிக்கு எதிராக ரேச்சல் கார்சன் 1962இல் எழுதிய நூலில் இந்த எண்கள் சாட்சியாக நின்றன. அமெரிக்கா 1972இல் டி.டி.டி.யைத் தடை செய்தது.

நம் நாட்டிலும் இதே கதை உண்டு, சோகம் கூடுதலாக. பரத்பூர் கேவலாதேவ் பூங்காவில் விபு பிரகாஷ் என்ற ஆய்வாளர் 1987-88இல் வெண்முதுகுப் பாறுகளின், அதாவது பிணந்தின்னிக் கழுகுகளின், கூடுகளை எண்ணி 353 ஜோடி என்று எழுதி வைத்திருந்தார். 1996-97இல் மறுபடி எண்ணினால் 150. பாறுகள் செத்துக்கொண்டிருப்பது அந்த ஒப்பீட்டில்தான் வெளியே வந்தது. மாட்டுக்குப் போடும் டைக்ளோஃபெனாக் வலிமருந்துதான் காரணம் என்று பிறகு கண்டுபிடித்து, 2006இல் கால்நடைக்கு அதைத் தடை செய்தார்கள். அந்தப் பழைய 353 இல்லையென்றால் 150 என்பது நிறையவா குறைவா என்று யாருக்குத் தெரியும்?

திருக்கழுக்குன்றத்தை இந்த இடத்தில் நினைக்காமல் இருக்க முடியவில்லை. மலையுச்சியில் உச்சி வேளையில் குருக்கள் வைக்கும் சர்க்கரைப் பொங்கலுக்கு இரண்டு “கழுகுகள்” வரும். உண்மையில் அவை மஞ்சள்முகப் பாறுகள். தினமும் ஒரே நேரம், ஒரே இடம், ஊரே சாட்சி. பக்தி என்று நினைத்துச் செய்தாலும் அது பறவைக் கணக்கெடுப்புக்கு வேண்டிய அத்தனை ஒழுங்கும் கொண்ட காரியம். 1990களின் கடைசிக்குள் அவை வருவது நின்றுபோனது ஊருக்கெல்லாம் உடனே தெரிந்ததற்கு அந்த ஒழுங்குதான் காரணம். கும்பாபிஷேகத்தில் கருடன் வட்டமிட்டதா என்று லட்சம் பேர் அண்ணாந்து பார்க்கிற ஊர் மதுரை. பார்வை நமக்குப் பழக்கம்தான், எழுதி வைப்பதுதான் பழக்கம் இல்லை.

எழுதி வைக்கும் முயற்சிகள் இல்லாமலும் இல்லை. நீர்ப்பறவைகளுக்கு 1987 முதல் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு உண்டு. 2015 முதல் பொங்கல் விடுமுறையில் தமிழ்நாடு முழுக்கப் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. இ-பேர்டு செயலியில் பள்ளிப் பிள்ளைகள்கூடப் பட்டியல் ஏற்றுகிறார்கள். ஆனால் கவனித்தீர்களா, இரண்டுமே தையையொட்டி நடப்பவை. பகலில், கண்மாய்க் கரையிலும் வீட்டுத் தோட்டத்திலும். அந்தியில் கரிசல் தரிசுக்குப் போய்ப் புல்லில் எத்தனை இறங்குகிறது என்று பார்க்கிறவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர்தான். 2023இல் வந்த இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை 942 இனங்களை அலசியது. அதில் அதிகம் சரிந்தவற்றில் இரைகொல்லிகளும் திறந்தவெளிப் பறவைகளும் முன்வரிசையில் நிற்கின்றன. பூனைப்பருந்து இரண்டு பட்டியலிலும் வருகிற பிராணி.

சத்திரமே இடிபடுவதும் ஒரு காரணம். பூனைப்பருந்து படுக்கிற புல்வெளிக்கு வருவாய்த் துறை ஏட்டில் புல்வெளி என்ற பெயர் கிடையாது. தீர்வை ஏற்படாத தரிசு, மேய்ச்சல் புறம்போக்கு என்றுதான் இருக்கும். தரிசு என்றாலே சும்மா கிடக்கிற நிலம், எதையாவது கொண்டுவந்து நட்டால் புண்ணியம் என்று அதிகாரிக்கும் தோன்றும், நமக்கும் தோன்றும். மரம் நடுகிற நல்லவர்கள்கூட அங்கேதான் குழி தோண்டுகிறார்கள். ஒரு பக்கம் சீமைக்கருவேல், இன்னொரு பக்கம் வீட்டுமனைக் கல். கமுதியில் 2016இல் 2,500 ஏக்கரில் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் வந்தது. சூரிய மின்சாரத்துக்கு நான் விரோதி அல்ல. தரிசுக்கும் குடியிருப்பவர்கள் உண்டு என்று ஏட்டில் ஒரு வரி இருந்தால் இடம் பார்த்துப் போட்டிருக்கலாம் என்பதுதான் ஆதங்கம்.

தீனியும் மாறிவிட்டது. கம்பும் சோளமும் இருந்த காட்டில் மக்காச்சோளம் வந்தது. 2018இல் இந்தியாவுக்குள் படைப்புழு நுழைந்த பிறகு அதற்கு மருந்தடிப்பதும் கூடியது. மருந்து படைப்புழுவை மட்டும் தேடிக் கொல்லுவதில்லை, வெட்டுக்கிளியும் சேர்ந்தே போகும். காலையில் பறவைகள் கிளம்பிப் போன பிறகு படுக்கையில் கிடக்கிற, செரிக்காமல் கக்கிய உருண்டைகளை உடைத்துப் பார்த்தால் வெட்டுக்கிளிக் காலும் எலி மயிரும் இருக்கும். அந்த உருண்டைகளை வருடா வருடம் சேர்த்து வைப்பதுகூட ஒருவகைக் கணக்குத்தான்.

மதுரையில் இரைகொல்லி என்றதும் பலருக்கு நினைவு வருவது அரிட்டாபட்டி. மேலூர்ப் பக்கத்து இந்த ஊரையும் மீனாட்சிபுரத்தையும் சேர்த்து 193 ஹெக்டேருக்குச் சற்று மேலான பகுதியை 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்கள். லகர் வல்லூறு, ஷாகின் வல்லூறு, ராஜாளி மூன்றும் அந்தப் பாறைகளில் இருப்பதை அறிவிப்போடு வந்த செய்திகள் எல்லாம் குறிப்பிட்டன. இவை பெரும்பாலும் ஆண்டு முழுக்க இங்கேயே வாழ்கிறவை, வலசைக் கணக்கில் சேராதவை. இங்கே இவற்றைச் சொல்லக் காரணம் வேறு. 2024 நவம்பரில் அந்த வட்டாரத்தில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் முடிந்த செய்தி வந்தபோது மக்கள் தெருவுக்கு வந்தார்கள். தண்ணீர், விவசாயம், கோயில், சமணர் படுக்கை என்று நூறு காரணங்களோடு பறவைப் பட்டியலும் கையில் இருந்தது. 2025 ஜனவரியில் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. பட்டியல்தான் காப்பாற்றியது என்று சொன்னால் மேலூரிலிருந்து மதுரைக்கு நடந்துவந்த சனங்களை அவமதித்ததாகும். ஆனால் பெயரும் எண்ணும் எழுதி வைத்திருந்த ஊருக்கு வாதாட ஒரு ஆயுதம் கூடுதலாக இருந்தது. கரிசல் தரிசுக்கு அது இன்னும் இல்லை.

இவ்வளவு சொல்லிவிட்டு, சாலைக் கணக்கு நமக்கு அறவே வேண்டாம் என்று முடித்தால் அமூர் வல்லூறு கோபித்துக்கொள்ளும். புறா அளவுகூட இல்லாத பறவை. கிழக்கு சைபீரியா, வட சீனா பக்கம் பிறந்து தென்னாப்பிரிக்காவரை போகிறது. 2012இல் நாகாலாந்தின் தோயாங் நீர்த்தேக்கத்தில் இவற்றை வலைபோட்டு லட்சத்துக்கும் மேல் பிடித்துக் கொன்றார்கள் என்ற மதிப்பீடு வெளியானது. அடுத்த வருடமே அந்தக் கிராமத்தினர் கூடிப் பேசி வேட்டையை நிறுத்தினார்கள். 2013இல் செயற்கைக்கோள் கருவி கட்டிவிட்டவை நவம்பரில் தீபகற்ப இந்தியாவையும் அரபிக்கடலையும் நிற்காமல் சில நாட்களிலேயே கடந்து சோமாலியாவைத் தொட்டன. கடலுக்கு மேல் சாப்பாட்டுக்கு என்ன வழி? மாலத்தீவில் இருந்த உயிரியலாளர் சார்லஸ் ஆண்டர்சன் 2009இல் ஒரு விளக்கம் எழுதினார். நம் ஊரில் மழைக்கு முன் கூட்டமாகப் பறக்கிற அதே தட்டான் வகை, இந்தியாவிலிருந்து மாலத்தீவு வழியாக ஆப்பிரிக்காவுக்கு வலசை போகிறது, வல்லூறும் ஏறக்குறைய அதே வேளையில் அதே காற்றைப் பிடித்துப் போகிறது என்று. தும்பி பறந்தால் தூரத்தில் மழை என்பார்கள். வல்லூறுக்குத் தூரத்தில் கட்டுச்சோறு. இவற்றின் முக்கிய வழி நமக்கு வடக்கே, தெலங்கானா, மகாராஷ்டிரம் வழியாகப் போகிறது. ஆனாலும் மழை விட்ட நவம்பர் மாலைகளில் தட்டான் கூட்டம் கண்டால் நாகமலைப் பக்கம் அண்ணாந்து பார்க்கத் தவறுவதில்லை.

மற்றபடி இந்த ஐப்பசியிலும் நான் சமணர் மலையில் உட்காரவில்லை. நேராகக் கரிசலுக்குத்தான் போனேன். நானும் நண்பரும் காட்டின் இரண்டு பக்கம் உட்கார்ந்தோம். முதல் சாம்பல் பூனைப்பருந்து வந்து மண்கட்டியில் உட்கார்ந்தபோது மணி ஐந்தே முக்கால் ஆகவில்லை. இருட்டியதும் இருவர் நோட்டையும் ஒப்பிட்டு, சந்தேகமானதைக் கழித்து, 23 என்று எழுதினோம். சாம்பல் 6, பழுப்பு 17. காட்டுக்காரர், அதே பருத்தி வார்த்தை சொன்ன சம்சாரி, டார்ச் அடித்துக்கொண்டு வந்து எத்தனை என்று விசாரித்தார். சொன்னேன்.

“நான் சின்னப் பிள்ளையா இருக்கப்ப இதைவிட எம்புட்டோ கூட வரும் தம்பி.”

எம்புட்டுக் கூட இருக்கும்ணே என்று கேட்டேன். டார்ச்சை அக்குளில் இடுக்கிக்கொண்டு இரண்டு கையையும் அகல விரித்துக் காட்டினார்.